சிறிய வீடும் சாரல் காலமும்

நம் வணிகர்கள் பலருக்கு முன்புறம் கடை, பின்புறம் 10-க்கு 10 அறையில் குடித்தனம். அதற்குள் சோபாவும் கட்டிலும் திணிப்பதை அலங்காரம் என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை.

தென்காசி, குற்றாலம் பக்கம் ஆனி, ஆடிச் சாரலில், சுவரோடு ஒட்டிய பீரோவின் முதுகில் பூஞ்சணம் பூத்துவிடும். நான்கு விரற்கடை தள்ளி வைத்தால் காற்றோடும். சுவருக்குச் சுண்ணாம்பே நல்லது. உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும். பெயிண்ட் என்றால் பொரிந்து உதிரும். படுக்கப் பாய் போதும். பத்தமடைப் பட்டுப்பாய் கல்யாணத்துக்கு. நமக்குச் சாதாரணக் கோரைப்பாய். காலையில் சுருட்டி நிறுத்தினால் பிள்ளைகள் படிக்க அறை முழுதும் இடம்.

ஆனால் அந்த இடத்தில்தான் மிளகாய் வற்றல் மூட்டையை அடுக்குகிறோம். குடோன் வாடகை மிச்சமாம்! இரவெல்லாம் நெடியில் தும்முவது குழந்தைகள். ஈரத்தில் சரக்கும் கெடுகிறது. மொத்த வியாபாரியான நானே சொல்கிறேன்: சாரல் முடியும்வரை வாரச் சரக்கு மட்டும் எடுங்கள்.