மேடை இருக்கிறது, பேனா எங்கே?

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அமராவதி நகருக்குச் சென்றிருந்தேன். லுஹர் தொழுதுவிட்டு வெளியே வரும்போது ஓர் இளைஞர் ஸலாம் சொல்லி என் கையைப் பிடித்துக் கொண்டார். திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு இரவு பஸ்ஸில் ஊர் வருபவர்.

"ஹஜ்ரத், நான் பிளஸ் டூ முடிச்சிருக்கறேனுங்க. தொலைநிலைக் கல்வியில, ஆன்லைன்லயே எழுத்துப் பயிற்சி படிப்பு ஒண்ணு சேரலாம்னு இருக்கறேன். வீட்டுல பெரியவங்க, எழுதி என்னத்தக் கிழிக்கப் போறேன்னு கேக்கறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

அந்தத் தம்பிக்கு அங்கேயே பதில் சொல்லிவிட்டேன்: "சேருங்கள்!" ஆனால் அவரை இப்படிக் கேட்க வைத்த சமுதாயத்திற்கும் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

எழுதி என்ன கிழிப்பது என்றா கேட்கிறீர்கள்? எழுதத் தெரியாததால் நாம் எதையெல்லாம் இழந்து நிற்கிறோம் என்று கேளுங்கள்!

97 லட்சம் மனுக்கள்!

2024-ல் வக்ஃப் திருத்த மசோதாவை ஆராய அமைக்கப்பட்ட நாடாளுமன்றக் கூட்டுக்குழு, பொதுமக்களிடம் எழுத்துப்பூர்வமாகக் கருத்துக் கேட்டது. 97 லட்சத்துக்கும் அதிகமான மனுக்கள் வந்ததாக அரசே பின்னர் நாடாளுமன்றத்தில் கூறியது. நாமும் அனுப்பினோம். எப்படி அனுப்பினோம்? யாரோ எழுதிய வாசகத்தைக் கைப்பேசியில் தொட்டு அனுப்பினோம். அதில் தவறில்லை, அது எண்ணிக்கையைக் காட்டும். ஆனால் "எங்கள் மஹல்லாவின் இந்த சர்வே எண் நிலம் இன்ன ஆண்டு வக்ஃப் செய்யப்பட்டது, இந்தப் பிரிவு சட்டமானால் இன்ன பாதிப்பு வரும்" என்று தன் ஊர் ஆதாரத்தோடு சொந்தமாக இரண்டு பக்கம் எழுதியவர்கள் நம்மில் எத்தனை பேர்? அனுப்பியவர்கள் லட்சக்கணக்கில்! எழுதியவர்கள்?

2025 ஏப்ரலில் அது சட்டமானது. ஜூன் 6 அன்று 'உமீத்' என்ற இணையதளத்தைத் திறந்து, ஆறு மாதத்திற்குள் வக்ஃப் சொத்து விவரங்களையெல்லாம் பதியச் சொன்னார்கள். அப்போது முத்தவல்லிகள் பலர் பழைய பத்திரங்களைப் பையில் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் சென்டர் வாசலில் நின்றார்கள். அல்லாஹ்வுக்காக நம் முன்னோர்கள் விட்டுச் சென்ற சொத்தைப் பற்றி நான்கு வரி எழுத, விவரம் தெரியாத ஒரு கடைக்காரரிடம் கெஞ்ச வேண்டிய நிலை! இதற்கும் எதிரியைத்தான் குறை சொல்வோமா?

என் கதையையும் கேளுங்கள்

பிறரை மட்டும் சாடுவது நேர்மையல்ல. நான் மதரஸாவில் ஓதி ஸனது வாங்கியவன். மிம்பரில் ஒரு மணி நேரம் தடையில்லாமல் பேசுவேன். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு இதே போன்ற தொலைநிலை எழுத்துப் பயிற்சியில் நானும் சேர்ந்தேன். முதல் கட்டுரை ஆறு பக்கம் எழுதி அனுப்பினேன். பாராட்டு வரும் என்று காத்திருந்தேன். திருத்தியவர் ஓரத்தில் இரண்டே கேள்விகள் எழுதியிருந்தார்: "நீங்கள் சொல்ல வருவது என்ன? இதற்கு ஆதாரம் எங்கே?"

கோபம் வந்தது. பிறகு மறுபடி படித்துப் பார்த்தேன். அவர் கேட்டது சரிதான். குரலை உயர்த்தினால் மேடையில் தக்பீர் கிடைத்துவிடும். காகிதத்தில் குரலை எப்படி உயர்த்துவது? ஹதீஸுக்கு அறிவிப்பாளர் வரிசை கேட்கும் கல்வியைப் படித்த நான், என் சொந்தக் கருத்துக்கு ஒரு ஆதாரம் வைக்கப் பழகவில்லையே என்று வெட்கப்பட்டேன். நாம் மேடைச் சமுதாயமாகிவிட்டோம். கோஷம் தெரு முனையோடு நின்றுவிடும். மனுதான் கோப்பிற்குள் போகும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் கையில் கொடுப்பது மனுவை! தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் கேள்வியைக் கேள்வியாக எழுதாமல் குமுறலாக எழுதினால் என்ன பதில் வரும்?

மூன்று ஆட்சேபணைகள்

"தொலைநிலைப் படிப்பு இரண்டாந்தரம்" என்பது முதலாவது. மதுரைப் பல்கலைக்கழகம் 1971-லேயே அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. 1985-ல் இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வந்தன. இந்திரா காந்தி பல்கலைக்கழகம் ஆங்கிலத்தில் படைப்பெழுத்துக்கென்றே ஒரு டிப்ளமோ நடத்துகிறது. 2017-ல் தொடங்கிய 'ஸ்வயம்' தளத்தில் பாடங்களைக் கட்டணமில்லாமல் படிக்கலாம், சான்றிதழ் தேர்வுக்குத்தான் பணம். அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் நேரடிப் பட்டங்களுக்குச் சமம் என்று 2022-ல் யு.ஜி.சி. தெளிவுபடுத்திவிட்டது. விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள், யு.ஜி.சி. அங்கீகாரப் பட்டியலில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்!

"கம்பெனிக்குப் போகிறவனுக்கு நேரம் ஏது?" என்பது இரண்டாவது. உண்மைதான். ஆனால் கல்லூரி வாசலை மிதிக்க முடியாத இந்த ஒன்றரை ஷிப்ட் பிள்ளைகளுக்காகத்தானே இப்படிப்பட்ட கல்வியே வந்தது! 20 வயதைக் கடந்த முஸ்லிம்களில் பட்டம் அல்லது டிப்ளமோ பெற்றவர்கள் 4 சதவீதத்திற்கும் குறைவு என்று, 2001 மக்கள் தொகைக் கணக்கை வைத்து 2006-ல் சச்சார் குழு சொன்னது. போராடி 2007-ல் தமிழகத்தில் 3.5 சதவீத இடஒதுக்கீடு பெற்றோம். ஒதுக்கிய இடத்தில் உட்காரப் படித்த பிள்ளை வேண்டாமா?

"பெண் பிள்ளை கையில் போன் கொடுத்தால் ஃபித்னா" என்பது மூன்றாவது. அதிகாலையில் மில் வேனில் ஏற்றி அனுப்பும்போது வராத ஃபித்னா, வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பாடம் கேட்கும்போது வந்துவிடுகிறதா? நாகூரின் சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்பு வரைதான் பள்ளி சென்றவர். வீட்டிலிருந்தே எழுதி, 1938-ல் 'காதலா? கடமையா?' என்ற நாவலை வெளியிட்டார். உ.வே.சாமிநாதையர் அதைப் பாராட்டி எழுதினார். 1938-ல் முடிந்தது இன்று முடியாதா?

ஈரக் கோதுமை வேண்டாம்!

படிக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு எச்சரிக்கை. தொலைநிலைப் படிப்பில் ஒப்படைப்பு என்ற வீட்டுக் கட்டுரைகள் உண்டு. இந்திரா காந்தி பல்கலைக்கழகத்தில் பெரும்பாலான படிப்புகளுக்கு 30 சதவீத மதிப்பெண் இதற்குத்தான். இதைக் காசுக்கு எழுதித் தருகிற கடைகள் இருக்கின்றன. இப்போது கம்ப்யூட்டரே எழுதித் தருகிறது. சந்தையில் குவித்திருந்த தானியத்திற்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டார்கள், மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்தது. அந்த வியாபாரியை அவர்கள் எப்படிக் கண்டித்தார்கள் என்பதை நாம் அறிவோம். பிறர் எழுதியதை உன் பெயரில் அனுப்புவதும் அந்த ஈரத் தானியம்தான். மார்க் வரும், எழுத்து வராது. திருத்திய தாளைக் கேட்டு வாங்குங்கள். மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன், ஓரத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள். அதுதான் உங்கள் உஸ்தாத்!

ஜமாஅத்துகள் செய்ய வேண்டியது

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றி! எழுதத் தெரிந்தவர் எழுத மறுக்கக் கூடாது என்று அல்லாஹ் கட்டளையிடுகிறான். பத்ரில் பிடிபட்ட கைதிகளில் எழுதத் தெரிந்தவர்களுக்கு, மதீனத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக் கொடுப்பதே விடுதலைக்கு ஈடாக்கப்பட்டது. எதிரியிடமிருந்தும் எழுத்தைக் கற்கச் செய்த மார்க்கம் நம்முடையது.

எனவே ஒவ்வொரு ஜமாஅத்திற்கும் நாம் வைக்கும் கோரிக்கைகள் இவை. இஷாவுக்குப் பின் பூட்டிக் கிடக்கும் மக்தப் அறையை, இணைய வசதியோடு, படிக்கும் பிள்ளைகளுக்குத் திறந்து விடுங்கள். பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். கந்தூரிக்கும் கட்அவுட்டுக்கும் செலவாகும் பணத்தில், ஆண்டுக்கு ஐந்து பேருக்குப் படிப்புக் கட்டணம் கட்டுங்கள். படித்து முடிப்பவர்களிடம் ஒன்றை மட்டும் திருப்பிக் கேளுங்கள்: மஹல்லாவின் மனுக்களை அவர்கள் எழுத வேண்டும், மேலும் ஒருவருக்கு எழுதக் கற்றுத் தர வேண்டும்.

அமராவதி நகர்த் தம்பி விண்ணப்பம் போட்டுவிட்டதாகச் சொன்னார். கம்பெனி சாப்பாட்டு நேரத்தில் பாடம் கேட்பாராம். அவருக்காக துஆ செய்யுங்கள். துஆவோடு நின்றுவிடாமல் மக்தப் சாவியையும் எடுத்துக் கொடுங்கள்!

எழுதுகோலின் மீது சத்தியமிட்ட இறைவன், அதை ஏந்தும் கரங்களை நம் சமுதாயத்தில் பெருகச் செய்வானாக!