கண்ணில் படரும் சதையும் நம் கடமையும்

நெய்வோர்க்கும் பயிரிடுவோர்க்கும் கையே மூலதனம் என்று சொல்லுவது வழக்கம். அதனோடு கண்ணையும் சேர்த்துச் சொல்ல நாம் விரும்புகிறோம். அறுந்த இழையைக் கண்டு முடிச்சிடுவதற்கும், அச்சுப் பிணைப்பதற்கும், பயிரினின்று களையைப் பிரித்தறிவதற்கும் தெளிந்த பார்வை வேண்டும். தறி பழுதுற்றால் அன்றே தச்சரை அழைக்கும் நாம், கண் பழுதுற்றால் மட்டும் "வயதானால் வருவதுதானே" என்று வாளாவிருந்து விடுகிறோம். இம்மனப்பான்மை மாற வேண்டும்.

வெயிலில் உழைப்போர் சிலருடைய கண்ணில், மூக்கையொட்டிய வெள்விழிப் பகுதியிலிருந்து சிவந்த மெல்லிய சதையொன்று கருவிழியை நோக்கிப் படர்ந்திருப்பதை அங்கத்தினர்கள் பார்த்திருப்பார்கள். அதனைச் "சதை வளர்ந்திருக்கிறது" என்று சொல்லுகிறோம். கண்புரையையும் அதே பெயரால் குறிப்பிடுவோர் உண்டு. இரண்டும் வெவ்வேறு நோய்கள். கண்புரை, கண்ணின் உள்ளேயிருக்கும் வில்லை மங்குவதால் வருவது. இந்தச் சதையோ கண்ணின் மேற்பரப்பில், வெள்விழியைப் போர்த்தியுள்ள படலத்தில் தோன்றுவது. இறக்கை போன்ற வடிவுடையதாகையால் மருத்துவர்கள் இதற்கு டெரிஜியம் என்று கிரேக்கச் சொல்லால் பெயரிட்டனர். கருவிழியைத் தொடாமல் வெள்விழியிலேயே நின்றுவிடும் மஞ்சள் நிறச் சிறு திட்டுக்குப் பிங்குயிகுலா என்று பெயர். இவ்விரண்டும் புற்றுநோய் அல்ல. ஆதலால் அஞ்ச வேண்டியதில்லை, அலட்சியமும் கூடாது.

இது புதிய நோயன்று. சுசுருதர் தம் மருத்துவ நூலில் இதனை அர்மம் என்று கூறி, கொக்கியால் தூக்கி அறுத்தெடுக்கும் முறையை விளக்கியிருக்கிறார். பூமத்திய ரேகைக்கு வடக்கிலும் தெற்கிலும் 37 பாகை வரையுள்ள வெப்ப நாடுகளிலேயே இது மிகுதி என்று கேமரன் என்பவர் 1965இல் எழுதினார். நம் புதுச்சேரி 12ஆம் பாகையில் இருக்கிறது. சென்னையிலும் அதனையடுத்த சிற்றூர்களிலும் 40 வயதுக்கு மேற்பட்டோரிடையே நடந்த ஓர் ஆய்வு 2012இல் வெளியாயிற்று. ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இச்சதை இருந்தது. நகரத்தாரைக் காட்டிலும் கிராமத்தாரிடம் அதிகமாகக் காணப்பட்டது.

காரணம் யாது? முதன்மையானது சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர். பக்கவாட்டிலிருந்து விழும் ஒளியைக் கருவிழி பூதக்கண்ணாடி போல் குவித்து, மூக்கையொட்டிய ஓரத்திலே சேர்ப்பதாக ஆஸ்திரேலிய மருத்துவர் கொரோனியோ விளக்கினார். சதை பெரும்பாலும் அப்பக்கத்திலேயே தோன்றுவதற்கு இது பொருத்தமான காரணமாகும். நாற்று நடுவோர்க்கு வானத்து ஒளியோடு வயல்நீரில் பட்டுத் திரும்பும் ஒளியும் சேர்கிறது. நெசவாளர் நிழலில் அமர்ந்து நெய்பவரே எனினும், தெருவில் பாவு விரித்துக் கஞ்சியிடும் வேலை வெயிலில் நடப்பதே. தூசியும் காற்றும் கண் உலர்தலும் உறுத்தலை மிகுவிக்கின்றன.

இனிச் சிகிச்சையைப் பற்றி. சிறு திட்டுக்கும், வளராத சதைக்கும் கத்தி தேவையில்லை. உறுத்தலுக்குக் கண்ணை ஈரமாக வைக்கும் சொட்டு மருந்து போதும். சதை பாவையை நெருங்கினாலோ, கருவிழியை இழுத்துப் பார்வையைக் கோணச் செய்தாலோ, ஓயாமல் சிவந்து வருத்தினாலோ அறுவை செய்வர். வெறுமனே அறுத்துவிட்ட பழைய முறையில் சதை மீண்டும் வளர்ந்துவிடுவது மிகவும் சாதாரணமாக இருந்தது. கென்யன் முதலியோர் 1985இல் வெளியிட்ட முறையில், அதே கண்ணின் மேற்புறத்திலிருந்து மெல்லிய படலத்துண்டை எடுத்து, அறுத்த இடத்தில் ஒட்டுப் போடுகிறார்கள். இதனால் மறுவளர்ச்சி வெகுவாகக் குறைந்திருக்கிறது. கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்து முடிக்கும் சிறு சிகிச்சையே இது. எனினும் "ஒட்டுப் போடுவீர்களா?" என்று முன்னரே கேட்டறிவது நோயாளியின் உரிமை. வெட்டிய சதையைப் பரிசோதனைக்கு அனுப்புவதும் நன்று. மேற்பரப்பில் அரிதாகத் தோன்றும் புற்றுநோயும் தொடக்கத்தில் இதைப் போலவே தோற்றமளிக்கக்கூடும்.

அங்கத்தினர்களை நாம் கண்டிப்பாக எச்சரிக்க வேண்டியது ஒன்றுண்டு. பச்சிலைச் சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் ஆகியவற்றைக் கண்ணில் விடுவதால் சதை கரையாது. கிருமி புகுந்து புண்ணாகும். மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து சிவப்பை உடனே தணிக்கும். ஆனால் நெடுநாள் விட்டால் கண்ணழுத்த நோயையும் புரையையும் கொண்டுவரும். நெற்சுனை பட்டுக் காளான் புண் உண்டான கண்ணில் அம்மருந்தை விட்டால் பார்வையே போகலாம். சதை பார்வையைப் பறிக்கப் பல்லாண்டு ஆகும். தவறான மருந்துக்குச் சில நாட்களே போதும்.

நல்ல வைத்தியம் நமக்குத் தொலைவில் இல்லை. அரியூரிலேயே மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை 2003 முதல் நடைபெற்று வருகிறது. குறை நம்மிடமேயுள்ளது. ஒருநாள் கூலியை இழக்க அஞ்சிப் பரிசோதனைக்குப் போகாதவரும், அறுவைக்குப்பின் சில வாரம் சேற்றிலும் தூசியிலும் இறங்காதிருக்க இயலாமையால் சிகிச்சையைத் தள்ளிப்போடுவோரும் உண்டு. தனி மனிதர் தாங்க மாட்டாத இச்சுமையைத் தாங்கவே கூட்டுறவு ஏற்பட்டது.

ஆகவே நம் சங்கங்களின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறோம். ஆண்டுதோறும், வேலை குறைந்த மாதத்தில், கண் மருத்துவக் குழுவை அழைத்து அங்கத்தினர் குடும்பம் அனைத்திற்கும் பரிசோதனை நடத்த வேண்டும். அகன்ற விளிம்புள்ள பனையோலைத் தொப்பியையும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பக்கம் மூடிய கண்ணாடியையும் மொத்தமாகக் கொள்முதல் செய்து, விதையும் நூலும் வழங்குவது போலவே அடக்க விலையில் வழங்க வேண்டும். முக்காடு தலையைக் காக்குமேயன்றிக் கண்ணைக் காவாது. அறுவை செய்துகொள்வோர்க்கு ஓய்வு நாட்களுக்கான உதவித்தொகையைப் பொதுநல நிதியிலிருந்து அளிக்க வேண்டும்.

செலவு பெரிதன்று. அடுத்த பொதுக்குழுவில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவருவது அங்கத்தினர்களின் பொறுப்பு. நிறைவேற்றுவது நிர்வாகக் குழுவின் கடன்.