வெப்பநிலையையும் எழுதுவோம்!

செய்முறைக் குறிப்பேட்டில் மின்சுற்றுப் படம் வரைகிறோம், அட்டவணை போடுகிறோம், விடையை அடிக்கோடிடுகிறோம். ஆனால், அளவெடுத்த வேளையில் அறையின் வெப்பநிலை என்ன என்று நம்மில் எத்தனை பேர் எழுதுகிறோம்? மின்னழுத்தச் சோதனைக்கும் அறை வெக்கைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். சென்ற சித்திரை வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

கோடை விடுமுறையில் வீட்டு மூலையில் ஒரு சோதனை மேசை அமைத்தேன். மாறாத பத்து வோல்ட் தருவதற்கென்றே செய்யப்பட்ட ஒரு சிறு சுற்று, ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு வெப்பமானி, இவ்வளவுதான். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. காலை ஆறு மணிக்கு 28 டிகிரி, மீட்டர் 10.00 காட்டியது. பிற்பகல் இரண்டு மணிக்கு 38 டிகிரி, மீட்டர் 10.02. மூன்று நாளும் இதே கதை.

மாறியது சுற்றா, மீட்டரா? நான்காம் நாள் காலை, சுற்றின் அருகே மட்டும் ஒரு செம்பு வெந்நீர் வைத்தேன், எண் அசையவில்லை. மீட்டரின் அருகே வைத்தேன். சிறிது நேரத்தில் எண் ஏறியது. குற்றவாளி அகப்பட்டது! கையேட்டைப் புரட்டினால், சொல்லியிருக்கும் துல்லியம் 18 முதல் 28 டிகிரி வரைக்கும்தான் என்று அதிலேயே அச்சாகியிருக்கிறது. சங்கரன்கோவில் கோடை அந்த எல்லைக்குள் அடங்குமா?

இதில் வியப்பில்லை. செம்புக் கம்பியின் மின்தடை ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடும். செம்பும் கான்ஸ்டன்டனும் சேரும் இரு சந்திகளிடையே ஒரு டிகிரி வேறுபாடு இருந்தாலே 40 மைக்ரோவோல்ட் அளவு பிறக்கும். பல பத்தாண்டுகள் வோல்ட்டுக்கே அளவுகோலாயிருந்த, எட்வர்டு வெஸ்டன் 1893இல் உருவாக்கிய திட்ட மின்கலமும், 20 டிகிரியை ஒட்டி, ஒரு டிகிரி ஏறினால் சுமார் 40 மைக்ரோவோல்ட் குறையும். அதனால்தான் அதை வெப்பநிலை மாறாத எண்ணெய்த் தொட்டியில் வைத்துக் காத்தனர்.

நம் நாட்டில் வோல்ட்டின் அளவைக் காப்பது புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம். 1950 ஜனவரி 21இல் திறக்கப்பட்ட அதன் முதல் இயக்குநர் கே. எஸ். கிருஷ்ணன், நமக்கு வடக்கே திருவில்லிபுத்தூரை அடுத்த வத்திராயிருப்பில் பிறந்தவர். நம் வெயிலில் வளர்ந்தவர்தாம் அவரும்.

குளிர்சாதனம் இல்லாமல் என்ன செய்வது என்று சோர வேண்டாம். வேண்டியது குளிர்ச்சியன்று, மாறாமை. எல்.எம். 399 என்னும் சில்லு இதற்குச் சான்று. தனக்குள் ஒரு சூடேற்றியை வைத்துக்கொண்டு, 90 டிகிரி அளவில் ஒரே வெப்பநிலையில் நிற்கிறது. வெளியே வெயிலானாலும் மழையானாலும் அதன் மின்னழுத்தம் அநேகமாக அசைவதில்லை. நாமும் அதிகாலையில் அளக்கலாம். கருவிகளைத் தெர்மகோல் பெட்டிக்குள் வைக்கலாம். மின்விசிறிக் காற்று இணைப்புகளில் படாமல் பார்க்கலாம். அரைமணி நேரம் பொறுத்து அளவெடுக்கலாம். இவற்றுக்குச் செலவு ஏது?

‘மாணவர் சோதனைக்கு இத்தனை நுட்பம் வேண்டுமா? இரண்டு புள்ளி கூடினால் என்ன?’ என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதலாண்டில் மின்னழுத்தமானிச் சோதனையில் டேனியல் மின்கலத்துக்கு எனக்கு 1.05 வோல்ட் வந்தது. புத்தகத்தில் 1.08. மதிப்பெண்ணுக்கு அஞ்சி, அழித்துவிட்டு 1.08 என்று எழுதினேன். அந்த வேறுபாடு வெப்பத்தால் வந்ததா, கரைசலால் வந்ததா, என் கைப்பிழையா? இன்று அறிய வழியே இல்லை. கேள்வியையே அல்லவா நான் அழித்துவிட்டேன்!

பேராசிரியர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். குறிப்பேட்டில் தேதிக்கு அருகே ‘அறை வெப்பநிலை’ என்று ஒரு வரியைக் கட்டாயமாக்குங்கள். ஆய்வகச் சுவரில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிடுங்கள். புத்தக விடையிலிருந்து விலகினாலும், காரணம் தேடிய மாணவனுக்கு மதிப்பெண் தாருங்கள். நண்பர்களே, வந்த அளவை வந்தபடியே எழுதுவோம்; பக்கத்தில் வெப்பநிலையையும் எழுதுவோம்!