எங்கள் தெரு வேம்பு

சித்திரை முதல் நாளில் வேப்பம்பூப் பச்சடி செய்வது தமிழர் இல்லங்களின் வழக்கம். தில்லியில் வாழும் நம் வீடுகளில் அன்று ஒரு குறை எழுவதுண்டு: "ஊரில் மரம் நிறையப் பூத்திருக்கும், இங்கே மொட்டுத்தானே இருக்கிறது!" பிறகு, ஊரிலிருந்து கொண்டுவந்த காய்ந்த பூ டப்பாவிலிருந்து வெளியே வரும். "இந்த ஊர் வேம்புக்கு நேரம் தெரியவில்லை" என்று பெரியவர்கள் சலித்துக்கொள்வர். இக்கூற்றை மட்டும் நான் ஏற்பதில்லை.

மரம் நாட்காட்டியைப் பார்ப்பதில்லை. தட்பவெப்பமும் பகற்பொழுதின் நீளமும் மழையுமே அதற்குக் காலத்தை அறிவிக்கின்றன. தை கழிந்த பின்னும் இங்குக் குளிர் நீடிக்கிறது. வேம்பும் அதற்கேற்பவே மலர்கிறது. நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்றது தொல்காப்பியம். ஆகவே, இந்நகரின் பருவங்களை ஊர்ப் பருவங்களோடு ஒப்பிட்டுக் குறை காணாமல், அவற்றை உள்ளவாறே கற்க வேண்டும் என்பேன். மாசி, பங்குனியில் இலையுதிர்த்த இலவமரம் செந்நிறப் பூக்களை ஏந்தி நிற்கும். மைனாவும் காக்கையும் தேனுண்ண அங்கே கூடும். சரக்கொன்றை கடுங்கோடையில் பொன்னிறச் சரங்களாய்த் தொங்கும். இவற்றைக் காணாமல் பள்ளிப் பேருந்தில் உறங்குவோர் பலர்!

"பூ எப்போது பூத்தால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். 1901 முதல் பதிவான மார்ச் மாதங்களுள் 2022 மார்ச் இந்தியாவில் மிகவும் வெப்பமாக இருந்தது. பஞ்சாபிலும் ஹரியாணாவிலும் நவம்பரில் விதைத்த கோதுமை அப்போது மணி பிடித்துக்கொண்டிருந்தது. வெப்பம் முந்தி வந்ததால் மணிகள் முற்ற வேண்டிய நாள்கள் குறைந்தன, அவை சுருங்கின, விளைச்சல் குறைந்தது. விலையும் உயர்ந்துவந்த அந்நிலையில், மே 13 அன்று அரசு கோதுமை ஏற்றுமதியைத் தடை செய்தது. பருவம் சில வாரம் பிறழ்ந்தால் அது நம் ரொட்டித் தட்டு வரை வந்து சேர்கிறது.

வானிலைத் துறை இருக்கிறதே என்பர் சிலர். அது வெப்பத்தை அளக்கும். உங்கள் தெரு வேம்பின் முதல் மொட்டைப் பார்க்க அதற்கு ஆள் இல்லை. ஒரு மரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். வாரம் ஒருமுறை தளிர், மொட்டு, பூ, காய் ஆகியவற்றுள் எது உள்ளது என்று தேதியிட்டு எழுதுங்கள். சீசன்வாட்ச் என்னும் திட்டத்தில் நாடெங்கும் மாணவர்கள் இவ்வாறே எழுதி வருகின்றனர்.

என் குறிப்பேட்டில் மூன்று ஆண்டுகளின் கணக்கு உள்ளது. முதல் பூ மலர்ந்த நாள் மூன்று ஆண்டுகளிலும் வெவ்வேறு. மூன்றைக் கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது. நீங்கள் ஆறாம் வகுப்பில் தொடங்கினால், பன்னிரண்டாம் வகுப்பை முடிப்பதற்குள் ஏழு ஆண்டுகளின் கணக்கு உங்களிடம் இருக்கும்.