ஜாயிண்டு எங்கே விழும் என்று முதலில் கேளுங்கள்



மளிகைக்கடைக்கும் கார்ப்பெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் இருக்கிற இடத்தில் விரிக்க நானும் சொல்லமாட்டேன். ஆனால் மயிலாப்பூரில் நவராத்திரி வந்தால் வடக்கு மாட வீதி முழுக்கப் பொம்மைக் கடை. நாமும் பக்கத்து அறையில் நாலு கொலு பொம்மை வைக்கிறோம், தரையும் எடுப்பாக இருக்கட்டும் என்று ஆசைப்படுகிறோம். அப்படித்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

அறை 14 அடி அகலம், 20 அடி ஆழம். கார்ப்பெட் ரோல் 12 அடி அகலம். ஜாயிண்டு இல்லாமல் முடியாது. நீளவாட்டில் போட்டால், மிச்சமுள்ள இரண்டடி சந்துக்காக இன்னொரு 20 அடி வெட்டவேண்டும். ஆக 40 அடி. குறுக்கே போட்டால் 14 அடியில் இரண்டு துண்டு, 28 அடி போதும். குறுக்கே என்றேன். அதில் தப்பில்லை. வந்தவர் முழுத் துண்டை உள்சுவரிலிருந்து விரித்தார். ஜாயிண்டு வாசலிலிருந்து 8-வது அடியில், வாடிக்கையாளர் நின்று திரும்பும் இடத்தில் விழுந்தது. வாசலிலிருந்து ஆரம்பித்திருந்தால் 12-வது அடியில் என் மேஜைக்கு அடியில் போயிருக்கும். செலவு அதே 28 அடிதான்!

அந்த வாரமே மழை. ஈரச் செருப்பு பட்டுப் பட்டுப் பசை விட்டது, ஓரம் தூக்கியது. வயதான அம்மா ஒருவர் தடுக்கி, ரேக்கைப் பிடித்ததால் தப்பினார். மேலே பிரவுன் டேப் ஒட்டினேன். அழுக்கேறிக் கறுப்புக் கோடானது.

பிறகு விஷயம் தெரிந்த ஒருவர் வந்து இரண்டு துண்டையும் இடம் மாற்றினார். பிசிறிய ஓரங்கள் வாசலுக்கும் சுவருக்கும் போயின. வாசலில் அலுமினியப் பட்டி அடித்தார். மயிர் சாயும் திசை இரண்டிலும் ஒன்றுதானா என்று தடவிப் பார்த்தார். மாறினால் நிறமே வேறாகத் தெரியுமாம். ஓரங்களை இரும்பு ஸ்கேல் வைத்து நறுக்கி, பிசிறாமலிருக்க வெட்டில் பசை தடவி, அடியில் சூட்டுக்கு இளகும் டேப்பை வைத்து இஸ்திரி ஓட்டினார். ஆறும்வரை மேலே கனம் வேண்டும் என்றார். அரிசிப் பைக்கு நம்மிடம் பஞ்சமா?

முதலில் வந்தவரை மட்டும் குறை சொல்லமாட்டேன். சதுர அடிக் கூலியைப் பேரம் பேசிக் குறைத்தவன் நான். அந்தக் கூலிக்கு ஜாயிண்டில் யார் அரைமணி உட்காருவார்? தி.நகரிலும் அடையாறிலும் தீபாவளிக்குக் கடை புதுப்பிக்கும் நண்பர்கள், ஜாயிண்டுக்கு அடிக்கணக்கில் தனிக்கூலி பேசுங்கள். ரோலில் கத்தி வைக்குமுன், அது விழும் இடத்தைத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.