'என்' போடத் தெரியணும்



முதல்லயே சொல்லிடறேன், இது கொஞ்சம் டெக்னிக்கல் பதிவு. "பி.காம் படிக்கிற பயலுக்கு இதுல என்னலே வேலை"ன்னு என் கிளாஸ் பசங்க கேப்பாங்க. பொறுமையா படிங்க மக்கா, நடுவுல நம்ம பட்ஜெட் பாடமும் வருது :-)

கூடங்குளம்னு சொன்னா வெளியூர்க்காரங்களுக்கு 2011-ல ஆரம்பிச்ச இடிந்தகரை போராட்டம் ஞாபகம் வரும். கம்ப்யூட்டர் பக்கம் இருக்கறவங்களுக்கு இன்னொண்ணும் ஞாபகம் வரும், 2019-ல வந்த வைரஸ். அப்போ நான் ஸ்கூல் பையன். டீக்கடையில "உலைக்குள்ள வைரஸ் பூந்துட்டாமே அண்ணாச்சி"ன்னு ஒருத்தர் கேக்க, "பூந்தா கரண்ட் பில்லு கொறையுமாவே"ன்னு இன்னொருத்தர் கேட்டார். எங்க ஊரு அப்படி.

நடந்தது இதுதான். 2019 செப்டம்பர் 4 அன்னைக்கு மால்வேர் இருக்கறதைக் கவனிச்ச செர்ட்-இன் (மத்திய அரசோட கணினிப் பாதுகாப்பு அமைப்பு), அணுமின் நிலையத்தை நடத்துற என்.பி.சி.ஐ.எல்.-க்குச் சொல்லிடுச்சு. வெளியே தெரியறதுக்கு அக்டோபர் கடைசி ஆச்சு. அக்டோபர் 29-ல வந்த அறிக்கை, இந்திய அணு உலைகளோட கட்டுப்பாட்டு அமைப்பு தனியா நிக்குது, வெளி நெட்வொர்க்கோட தொடர்பே இல்லை, அதனால அது மேல சைபர் தாக்குதல் சாத்தியமில்லைன்னு அடிச்சுச் சொன்னது. மறுநாள், 30-ஆம் தேதி, என்.பி.சி.ஐ.எல். இன்னொரு அறிக்கை விட்டுது. மால்வேர் இருந்தது உண்மைதான், ஆனா அது நிர்வாக வேலைக்கான இன்டர்நெட் நெட்வொர்க்குல இருந்த ஒரு பி.சி.யில, முக்கியமான உள் நெட்வொர்க் அதுல இருந்து பிரிஞ்சு இருக்குன்னு. அந்த மால்வேர் பேரு டிட்ராக். வடகொரியாவோட சம்பந்தப்படுத்திப் பேசப்படுற லாசரஸ் கும்பலோட வேலைன்னு ஆராய்ச்சியாளர்கள் சொன்னாங்க.

அதுக்கப்புறம் நடந்த விவாதம் எல்லாமே ஒரே ஒரு ஒயரைப் பத்தித்தான். ஒயர் இருந்துதா, இல்லையா? இல்லைன்னா பாதுகாப்பு, இருந்தா ஆபத்து. இதுல எனக்கு உடன்பாடு இல்லை. ஒயர் முக்கியம்தான். ஆனா ஒயருக்கு இந்தப் பக்கம் இருக்கற மெஷினுக்குள்ள என்ன ஓடுது, அதுல எது இருக்கணும் எது இருக்கக்கூடாதுன்னு முடிவு பண்ணினது யாரு? அதை யாருமே கேக்கலை.

ஈரான்ல நடந்ததைப் பாருங்க. நடான்ஸ் யுரேனியம் ஆலை இன்டர்நெட்ல இல்லை. ஆனாலும் 2010-ல வெளியே தெரிய வந்த ஸ்டக்ஸ்நெட் உள்ளே போச்சு. பென் டிரைவ் மூலமாப் பரவற மாதிரி எழுதின புழு அது. விண்டோஸ் மெஷின்ல உக்காந்துக்கிட்டு, சீமென்ஸ் கண்ட்ரோலர்களுக்குத் தப்பான கட்டளை கொடுத்து, சுத்துற சென்ட்ரிஃப்யூஜ்களை உடைச்சுது. ஒயரை வெட்டியாச்சு, ஆனா யு.எஸ்.பி. ஓட்டை அப்படியே இருந்துது.

இப்ப மேட்டருக்கு வரேன்.

லினக்ஸ் கெர்னல்னு சொல்றோமே, அதோட சோர்ஸ் கோடு 2025 தொடக்கத்துல 4 கோடி வரியைத் தாண்டிடுச்சு. இது மொத்தமும் ஒரு மெஷின்ல ஓடாது. கம்பைல் பண்றதுக்கு முன்னாடி ஒரு பெரிய கேள்விப் பட்டியல் இருக்கு, பல ஆயிரம் கேள்வி. யு.எஸ்.பி. ஸ்டோரேஜ் வேணுமா? ப்ளூடூத் வேணுமா? ஃப்ளாப்பி டிரைவ் வேணுமா? (ஆமாங்க, அது இன்னும் இருக்கு.) பல கேள்விக்கு மூணுல ஒரு பதில். 'ஒய்' போட்டா கெர்னலுக்குள்ளயே ஒட்டிடும். 'எம்' போட்டா தனி மாட்யூலா இருந்து, தேவைப்படும்போது உள்ளே வரும். 'என்' போட்டா கிடையாது. அந்தக் கோடு கம்பைலே ஆகாது. பதில் எல்லாம் சேர்ந்து டாட்-கான்ஃபிக்னு ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்ல உக்காந்திருக்கும்.

இந்த 'என்'தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச எழுத்து. ரெடிமேடா வாங்கின சிஸ்டத்துல செட்டிங்ஸுக்குப் போய் யு.எஸ்.பி.யை முடக்கறது, கட்டின வீட்டு ஜன்னலுக்குப் பூட்டு போடற மாதிரி. கம்பைல் பண்ணும்போதே 'என்' போடறது ஜன்னலே வைக்காம சுவர் எழுப்பற மாதிரி. பூட்டை உடைக்கலாம், இல்லாத ஜன்னலை எப்படி உடைப்பீங்க? மாட்யூல் ஏத்தற வசதிக்கே 'என்' போட்டுட்டா, அந்தச் சாதாரண வழியில பின்னாடி எதையும் கெர்னலுக்குள்ள கொண்டு வரவும் முடியாது.

நம்ம பாடம் இங்கதான் வருது. பட்ஜெட்ல ரெண்டு வகை படிச்சிருப்போம். போன வருஷக் கணக்கை எடுத்து, பத்து பர்சன்ட் ஏத்திப் போடறது ஒண்ணு. ஜீரோ பேஸ் பட்ஜெட் இன்னொண்ணு. எல்லாத்தையும் பூஜ்யத்துல ஆரம்பிச்சு, ஒவ்வொரு செலவுக்கும் "இது ஏன் வேணும்"னு நியாயம் சொல்லணும். (இதைக் கொண்டு வந்த பீட்டர் பைர் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்ல இருந்தவர், அதுவும் சிப் கம்பெனி!) கெர்னல்லயும் இந்த ரெண்டும் அப்படியே இருக்கு. பழைய கான்ஃபிக்கை எடுத்துக்கிட்டுப் புதுசா வந்த கேள்விக்கு மட்டும் பதில் சொல்ற வழி ஒண்ணு. ஆல்-நோ-கான்ஃபிக்னு இன்னொரு வழி. முடிஞ்ச எல்லாத்துக்கும் முதல்ல 'என்'. அப்புறம் ஒவ்வொண்ணா, காரணம் சொல்லி, 'ஒய்'.

உபுண்டு, டெபியன் மாதிரி வெளியீடுகள் கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் 'எம்' போட்டு வைக்கும். அது அவங்க தப்பில்லை. யாரு மெஷின்ல ஓடப்போகுதுன்னு தெரியாதவன் எல்லாத்தையும் கட்டித்தான் அனுப்பணும். ஆனா ஒரே வேலைக்குன்னு இருக்கற மெஷினுக்கு அதே மூட்டையை ஏன் சுமக்கணும்?

"டிட்ராக் விண்டோஸ்ல வந்த மால்வேர், லினக்ஸ் கெர்னல்ல 'என்' போட்டா அது நின்னிருக்குமா"ன்னு ஒருத்தர் கேப்பார். நியாயமான கேள்வி. மெயில் பாக்கவும் பிரவுசர் ஓட்டவும் இருக்கற ஆபீஸ் பி.சி.யில நெட்வொர்க்குக்கு 'என்' போட முடியாது, அதனால அங்க இது பெரிய மருந்து இல்லை. ஸ்டோரேஜை மூடினாலும், கீபோர்டு மாதிரி வேஷம் போட்டு வர்ற பென் டிரைவுக்குத் தனியா யோசிக்கணும். நான் சொல்றது ரெண்டு நெட்வொர்க்குக்கு நடுவுல ஃபைல் மாத்தற மெஷின், மீட்டர் படிக்கற மெஷின், கேட்ல நிக்கற மெஷின் மாதிரி விஷயங்களை. அதுக்கெல்லாம் நூறு ஜன்னல் எதுக்கு?

சரி, கம்பைல் பண்ற விஷயத்தை நான் ஏன் இவ்வளவு பெருசாப் பேசறேன்? 2024 மார்ச் 29 அன்னைக்கு ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட்னு ஒரு இன்ஜினியர் ஒண்ணைக் கண்டுபிடிச்சு வெளியே சொன்னார். எஸ்.எஸ்.எச். லாகின் அரை செகண்ட் லேட் ஆகுதேன்னு தோண்டினவர் அவர். எக்ஸ்.இசட்.னு ஃபைலைச் சுருக்கற ஒரு சின்ன மென்பொருள்ல (5.6.0, 5.6.1 பதிப்புகள்) கள்ளக்கதவு வெச்சிருந்தாங்க. எங்க வெச்சாங்கன்னு பாருங்க. எல்லாரும் படிக்கற சோர்ஸ் கோட்ல இல்லை. கான்ஃபிகர் பண்ற ஸ்கிரிப்ட்ல, அதுவும் வெளியீட்டுக்குக் கட்டின மூட்டையில மட்டும். அந்த ஸ்கிரிப்ட் முதல்ல "எந்த பிராசசருக்குக் கம்பைல் ஆகுது"ன்னு பாக்கும். 64 பிட் இன்டெல் வகை லினக்ஸா இருந்தாத்தான் வேலையைக் காட்டும். வேற பிராசசர்னா நல்ல பிள்ளையா சும்மா இருக்கும்.

இன்னொரு கூத்தும் அதுல உண்டு. லேண்ட்லாக்ங்கற பாதுகாப்பு வசதி இந்த மெஷின்ல இருக்கான்னு பாக்க, ஒரு குட்டி சோதனை புரோகிராம் கம்பைல் ஆகும். அதுல ஒரே ஒரு புள்ளி கூடுதலா வெச்சுட்டாங்க. புள்ளி இருந்தா கம்பைல் ஆகாது. கம்பைல் ஆகலைன்னா "ஓ, இந்த மெஷின்ல அந்த வசதி இல்லை போல"ன்னு அதை விட்டுட்டு மேல போயிடும். ஒரு புள்ளிக்கு ஒரு பூட்டு காலி!

அதனாலதான் சொல்றேன், நம்பிக்கைங்கறது சோர்ஸ் கோட்ல மட்டும் இல்லை, அதை யாரு, எந்த ஆப்ஷன் போட்டு, எந்த மெஷினுக்குக் கட்டினாங்கங்கறதுலயும் இருக்கு.

இப்ப "எந்த மெஷினுக்கு"ங்கறதை எடுத்துக்குவோம். சிவகாசி பிரஸ்ல இந்தி காலண்டர் அடிக்கறாங்க இல்லையா? அடிக்கறவருக்கு இந்தி தெரியணும்னு அவசியமில்லை, அச்சுக்குச் சரியான எழுத்து இருந்தாப் போதும். காலண்டர் பாட்னாவுல ஒரு சுவர்ல தொங்கும். கிராஸ் கம்பைலும் அதேதான். என்னோட லேப்டாப் இன்டெல். ஆனா "ஆர்க்கிடெக்சர் ரிஸ்க்-ஃபைவ், அதுக்கான கம்பைலர் இது"ன்னு ரெண்டு விவரம் கொடுத்தா, ரிஸ்க்-ஃபைவ் பிராசசருக்கான கெர்னலைக் கட்டிக் கொடுத்துடும். என்னோட பழைய லேப்டாப்புல ராத்திரி ஓட விட்டுட்டுத் தூங்கினேன், காலையில ரெடி. சிப் கையில இல்லாமலே க்யூ-எமுல ஓட்டியும் பாத்தாச்சு. செலவு: கரண்ட் பில் மட்டும் (அதுவும் உள்ளூர் சரக்கு!).

1991-ல லினஸ் இதை ஆரம்பிச்சப்போ இன்டெல் 386-க்கு மட்டும்தான் எழுதினார், வேற மெஷினுக்குப் போகாதுன்னு அவரே சொன்னார். 1995-ல வந்த 1.2 பதிப்பு ஆல்ஃபா, ஸ்பார்க், மிப்ஸ் பிராசசர்களுக்கும் போயிடுச்சு. ஆனா உள்ளே வந்தது எல்லாம் உள்ளேயே இருக்காது. பிறந்த வீடான 386-ஐயே 2013-ல 3.8 பதிப்புல எடுத்துட்டாங்க. இன்டெல் அத்தனை காசு கொட்டின இட்டானியம், பராமரிக்க ஆள் இல்லாம, 2024 ஜனவரியில வந்த 6.7-ல போயிடுச்சு. 2025 ஆகஸ்ட்ல வந்த டெபியன் 13-ல ரிஸ்க்-ஃபைவ் அதிகாரப்பூர்வமா உள்ளே வந்துது. அதே பதிப்புல பழைய 32 பிட் பி.சி.க்குக் கெர்னலும் இன்ஸ்டாலரும் நின்னுடுச்சு. ஆள் இருந்தா இருக்கும், இல்லைன்னா போகும்.

நம்ம நாட்டு சிப் பத்திப் பெருமைப்படும்போது இதையும் நினைக்கணும். சென்னை ஐ.ஐ.டி.யோட சக்தி பிராசசர் ரிஸ்க்-ஃபைவ் வழியில போச்சு. 2018-ல அதுல லினக்ஸ் ஓடினப்போ பேப்பர்ல எல்லாம் வந்துது. கெர்னலோட ரிஸ்க்-ஃபைவ் ஆதரவும் அதே 2018 ஜனவரியில, 4.15 பதிப்புல வந்ததுதான். உலகமே சேர்ந்து பராமரிக்கற மொழியைத் தேர்ந்தெடுத்ததால, அவங்க பாதிச் சுமையை ஊரே தூக்குது. இஸ்ரோவோட விக்ரம் 3201 வேற வழி. 2025-ல வெளியே வந்த 32 பிட் சிப், அதோட கட்டளைத் தொகுப்பு அவங்களோடது. அதனால ஏடா கம்பைலர், அசெம்பிளர், லிங்கர், சிமுலேட்டர்னு எல்லாத்தையும் இஸ்ரோவே எழுத வேண்டி இருந்துது. எங்க ஊருல இருந்து காவல்கிணறு பக்கம் போனா மகேந்திரகிரி; ராக்கெட் இன்ஜின் சோதனை பண்ற இடம். அந்த ராக்கெட்டை ஓட்டற கம்ப்யூட்டருக்கு இந்தத் தனி வழி சரிதான்னு நினைக்கிறேன். அதுக்கு பிரவுசர் வேண்டாம், பிரிண்டர் வேண்டாம், நாளைக்கு ஒரு புது டிரைவர் வேண்டாம். ஆனா தாலுகா ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு யாராவது "நமக்கே நமக்குன்னு புது மொழி"ன்னு கிளம்பினா, தயவுசெஞ்சு தடுங்க. அது இட்டானியம் கதை ஆயிடும்.

எனக்கு வருத்தம் என்னன்னா, இந்த மொத்த விஷயத்துலயும் செலவு குறைஞ்ச பகுதி கான்ஃபிகர் பண்றதுதான், அதைத்தான் நாம கத்துக்கவே இல்லை. சிப் ஃபேக்டரிக்கு ஆயிரக்கணக்கான கோடி வேணும். கெர்னல் சோர்ஸ் இலவசம், கம்பைலர் இலவசம். 2007 ஜனவரியிலயே சென்னை சிடாக்ல இருந்து பாஸ் லினக்ஸ் வந்துது. 2023-ல பாதுகாப்பு அமைச்சகம் உபுண்டுவை வெச்சு மாயா ஓ.எஸ்.னு அறிவிச்சுது. நல்ல விஷயம்தான், விண்டோஸைக் கட்டிக்கிட்டு அழறதுக்கு இது எவ்வளவோ மேல். ஆனா அடுத்தவன் கட்டின கெர்னலை எடுத்து, பேரு மாத்தி, வால்பேப்பர் மாத்தினா அதை வாங்கி விக்கறதுன்னு நம்ம பாஷையில சொல்லுவோம், உற்பத்தின்னு சொல்ல மாட்டோம்.

அதனால என்னோட கோரிக்கை ரொம்பச் சின்னது. அரசுத் துறை எதுவா இருந்தாலும் சரி, கம்ப்யூட்டர் அமைப்பு வாங்கும்போது டெண்டர்ல மூணு வரி சேக்கணும். மெஷினோட டாட்-கான்ஃபிக் ஃபைலை எங்ககிட்ட கொடு. அந்த ஃபைலையும் சோர்ஸையும் வெச்சு நாங்களே கட்டினா பைட்டுக்கு பைட் அதே கெர்னல் வரணும் (டெபியன்காரங்க இதுக்காகப் பல வருஷமா வேலை பாக்கறாங்க, நடக்காத விஷயம் இல்லை). ஒவ்வொரு 'ஒய்'க்கும் காரணம் எழுது. நம்ம காலேஜ் லேப்ல ஆடிட் வவுச்சர் சரிபாக்கக் கத்துக்கறோமே, அந்த மாதிரி இதையும் ஒருத்தன் உக்காந்து சரிபாக்கட்டும். பி.காம் படிச்சவனாலயும் முடியும், சத்தியமா. ராக்கெட் விஞ்ஞானம் இல்லை இது, ராக்கெட் விஞ்ஞானம் மகேந்திரகிரியில நடக்குது.

டிஸ்கி: முயற்சி பண்ணிப் பாக்கறவங்க முதல் நாளே ஆல்-நோ-கான்ஃபிக்ல இறங்காதீங்க, ஸ்க்ரீன்ல எழுத்துகூட வராது. டிஃபால்ட் கான்ஃபிக்ல ஆரம்பிச்சு, மெனு-கான்ஃபிக்ல போய், தினம் பத்து கேள்விக்கு 'என்' போட்டுப் பாருங்க. ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்துல ஹெல்ப் இருக்கு. ஃப்ளாப்பியில இருந்து ஆரம்பிக்கலாம்.