நத்தார் வருவதற்கு முன்பே நத்தாரை முடித்துவிடாதீர்கள்

கார்த்திகை முடிவதற்குள் எங்கள் வட்ஸ்அப் குழுக்களில் அழைப்பிதழ்கள் வரத் தொடங்கிவிடும். ஒளிவிழா, இராப்போசனம், சினிமாப் பாட்டுக்கு நடனம், நத்தார் தாத்தா, அதிர்ஷ்டச் சீட்டு. போன வருடம் எங்கள் ஊரில் டிசம்பரின் முதல் மூன்று சனிக்கிழமையும் ஒவ்வொரு மண்டபத்தில் ஒவ்வொரு விழா. 24ஆம் திகதி வந்தபோது எல்லோருக்கும் களைப்பு. 26ஆம் திகதி சில வீடுகளில் மரத்தையே கழற்றிவிட்டார்கள்.

நேராகவே சொல்கிறேன், கோபிக்காதீர்கள். நாங்கள் நத்தாரைக் கொண்டாடுவதில்லை. அதற்கு முந்திய நான்கு கிழமைகளையும் சத்தத்தால் நிரப்புகிறோம். நத்தார் வந்து கதவைத் தட்டும்போது நித்திரை கொள்கிறோம்.

அந்த நான்கு கிழமைகளுக்கும் ஒரு பெயர் இருக்கிறது: திருவருகைக் காலம். நவம்பர் 30ஆம் திகதிக்குக் கிட்டவாக வரும் ஞாயிற்றுக்கிழமை அது தொடங்குகிறது. திருச்சபையின் வருடப்பிறப்பும் அன்றுதான். குருவானவர் ஊதா உடுப்புப் போடுவார். ஞாயிறு பூசையில் வானவர் கீதம் பாடுவதில்லை, அதை நத்தார் இரவுக்கென்று வைத்திருக்கிறார்கள். இன்னும் வரவில்லை, காத்திருக்கிறோம் என்பதுதான் இதற்கெல்லாம் அர்த்தம். காலையில் கோவிலில் ஊதாவைப் பார்த்துவிட்டு, மாலையில் மண்டபத்தில் சிவப்புத் தொப்பி போடுகிறோம். இரண்டும் ஒன்றையொன்று மறுக்கின்றன என்று யாருமே கேட்பதில்லை.

எங்கள் வீட்டில் நடப்பது மிகச் சின்ன விஷயம். நாங்கள் இருப்பது ஜெர்மனியில், ரூர் பகுதியில். அப்பாவுக்கு உணவகத்தில் வேலை. ஞாயிறு இரவு அவர் வந்து முகம் கழுவியதும் தொலைக்காட்சியை நிறுத்துவோம். கைபேசிகள் எல்லாம் குசினிக்குள் போய்விடும். மேசையில் பச்சை இலை வளையம், அதில் நான்கு மெழுகுதிரி. முதல் கிழமை ஒன்று, அடுத்த கிழமை இரண்டு. செபமாலையில் ஒரு பத்து மணி சொல்வோம். பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருப்போம். அவ்வளவுதான். அலுமாரிக்குள் கேக்குக்கு வெட்டிய பழங்கள் ஊறிக்கொண்டிருக்கும். தொட்டால் அம்மாவிடம் அடி விழும்.

சின்ன வயதில் எனக்கு இது பிடிக்கவே பிடிக்காது. மற்றப் பிள்ளைகளின் வீட்டில் வெளிச்சமும் பாட்டும். எங்கள் வீட்டில் இருட்டும் செபமாலையும்.

எனக்கு 15 வயதாக இருக்கும்போது, அப்படி ஒரு ஞாயிறு, அம்மா திடீரென்று கதைக்கத் தொடங்கினார். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்துச் சனங்கள் தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அதில் அம்மாவும் நடந்தார் என்பதும் தெரியும். அம்மப்பா வீட்டைப் பார்க்கவென்று பின்னால் நின்றுவிட்டார் என்பது தெரியாது. அந்த வருடம் திருவருகைக் காலம் டிசம்பர் 3ஆம் திகதி தொடங்கியது. அம்மாவுக்கு அப்போது 14 வயது. தங்கியிருந்த பள்ளிக்கூடத்தின் மூலையில் அம்மம்மா ஜாம் போத்தல் விளக்கை ஒரு செபம் சொல்லி முடியும்வரை மட்டும் எரியவிடுவாராம். மண்ணெண்ணெய் விலை அப்படி. ஒவ்வொரு ஞாயிறும் 'அப்பா நத்தாருக்குள்ள வந்திடுவார்' என்பாராம். வரவில்லை. அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பியபோதுதான் அவரைக் கண்டார்கள். மெலிந்து போயிருந்தார், ஆனால் உயிரோடு இருந்தார்.

"அந்த வருசம் எங்களுக்கு நத்தார் எண்டு ஒண்டும் இல்லைப் பிள்ளை. காத்துக்கொண்டு இருந்ததுதான்" என்றார் அம்மா.

15 வருடமாக எத்தனையோ ஒளிவிழாக்களில் அம்மாவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்திருக்கிறேன். அங்கே ஒரு நாளும் இதை அவர் சொன்னதில்லை. ஒலிபெருக்கிக்கு முன்னால் எப்படிச் சொல்வது?

இப்போது உங்கள் மறுப்புகளுக்கு வருகிறேன்.

'வளையமும் மெழுகுதிரியும் வெள்ளைக்காரன் பழக்கம், தமிழ் இல்லை' என்கிறார்கள். சரி, 1839இல் ஹம்பூர்க்கில் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய யோகான் ஹின்ரிக் விக்கெர்ன் தொடக்கியது அது. அவர் கத்தோலிக்கரே இல்லை, புரட்டஸ்தாந்து போதகர். ஜெர்மன் கத்தோலிக்கக் கோவில்களுக்குள் அது வந்ததே 20ஆம் நூற்றாண்டில்தான். அவர்களும் கடன் வாங்கியவர்கள்தான். 'நத்தார்' என்ற சொல்லே போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. அதைத் தமிழாக்கியவர்களுக்கு ஒரு வளையம் பாரமா? வேண்டாம் என்றால் ஜாம் போத்தலில் ஒரு திரியைப் போடுங்கள். அது முழுக்க முழுக்க எங்களுடையது.

'அப்பா அம்மா வருடம் முழுக்க மாடாய் உழைக்கிறார்கள். நாலு சனத்தோடு சிரிக்க அவர்களுக்குக் கிடைப்பது அந்த ஒரு மண்டபம்தான்' என்கிறார்கள். இது உண்மை. இந்த நாட்டுக் குளிரில் தனிமை எப்படிக் கொல்லும் என்று எனக்கும் தெரியும். அதனால்தான் விழாவை நிறுத்தச் சொல்லவில்லை, திகதியை மாற்றச் சொல்கிறேன். நத்தார்க் காலம் 24ஆம் திகதி மாலையில்தான் தொடங்குகிறது. ஜனவரியில் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை அது இருக்கிறது. பள்ளிக்கூடங்களும் அப்போது விடுமுறை. ஒளிவிழாவை அந்த நாட்களில் வையுங்கள், முதல் ஆளாக வந்து கதிரை அடுக்குகிறேன். நடனமும் ஆடுகிறேன்.

'எனக்கு விசுவாசம் இருக்கிறதா என்பதே தெரியவில்லை' என்று சிலர் எனக்கு எழுதுகிறீர்கள். எனக்கும் சில நாட்களில் தெரிவதில்லை. ஆனால் திருவருகைக் காலம் எல்லாம் கிடைத்தவர்களுக்கானது இல்லை, இன்னும் கிடைக்காதவர்களுக்கானது. கடிதத்துக்கும், விசாவுக்கும், காணாமல் போனவர்களுக்கும் காத்திருந்த ஒரு சமூகம் எங்களுடையது. காத்திருப்பது எப்படி என்று எங்கள் பெற்றோருக்குத் தெரிந்த அளவு இங்கே வேறு யாருக்குத் தெரியும்? அதை அவர்களிடமிருந்து நாங்கள் படிக்காவிட்டால் அது அவர்களோடே போய்விடும்.

ஆகவே இந்த வருடம் ஒன்று செய்யுங்கள். முதல் ஞாயிறு இரவு வீட்டு விளக்கை அணையுங்கள். ஒரு மெழுகுதிரி, 20 நிமிடம். தெரிந்த ஒரு செபம் சொல்லுங்கள். பிறகு அம்மாவிடமோ அப்பாவிடமோ கேளுங்கள்: "நீங்கள் ஆகக் கூட நாள் காத்திருந்தது எதுக்கு?"

உடனே பதில் வராது. அதற்குத்தான் இன்னும் மூன்று ஞாயிறு இருக்கிறது.